பிரம்மரக்ஷஸும் நம்பாடுவானும்: கைசிக மாஹாத்ம்யத்தில் ஓர் ஆய்வு

பேய், பூதம், பிசாசம், முனி, யக்ஷி என்று மக்கள் வழக்கில் அஞ்சப்படும் உருவங்கள் பல. அவற்றுள் வேதம் ஓதியதாகச் சொல்லப்படுவது பிரம்மரக்ஷஸ் ஒன்றே. அது ஆலமரத்திலோ அரசமரத்திலோ, ஆளரவம் அற்ற குளக்கரையிலோ, பாழடைந்த மண்டபத்திலோ தங்கும். வழிப்போக்கரை மறித்துக் கேள்வி கேட்கும். பிடித்தவரின் வாய்வழியே அவர் அறியாத வடமொழியும் பேசும் என்பது தென்னாட்டில் பரவலான நம்பிக்கை. கேரள நாட்டுக் கோயில்கள் பலவற்றில் அதற்குத் தனி இடம் வகுத்து விளக்கேற்றும் வழக்கம் இன்றும் உண்டு. மற்றப் பேய்களை ஓட்டுவர், இதனைச் சாந்தப்படுத்துவர். கற்றவனுக்கு உயிரோடிருக்கையில் காட்டிய மதிப்பில் ஒரு பகுதியை அவன் ரக்ஷஸான பின்னும் சமூகம் விட்டுவிடவில்லை என்பது இந்த வேறுபாட்டால் விளங்கும்.

ஒரு சமூகம் எதற்கு அஞ்சுகிறது என்பதை அது படைத்துக்கொண்ட பேயுருவங்கள் காட்டும். அகால மரணம் அடைந்தவன் பேயாவான் என்ற நம்பிக்கையில் நிறைவேறாத வாழ்வைப் பற்றிய அச்சம் உள்ளது. பிள்ளைப்பேற்றில் இறந்தவள் திரிவாள் என்பதில் தாய்மார் சாவைப் பற்றிய துயரம் உள்ளது. பிரம்மரக்ஷஸைப் பற்றிய அச்சமோ கற்றவர்களிடமே தோன்றி, கற்றவர்களாலேயே எழுதிவைக்கப்பட்டது. ஆகவே அதனை ஆராய்வது வைதிக சமூகம் தன்னைப் பற்றித் தானே கொண்டிருந்த ஐயத்தை ஆராய்வதாகும். அவ்வையத்தை மிகத் தெளிவாக எடுத்துரைப்பது, ஸ்ரீவைஷ்ணவ மரபு ஆண்டுதோறும் கேட்டுவரும் கைசிக மாஹாத்ம்யம்.

ஸ்மிருதிகள் கூறும் காரணம்

மனு ஸ்மிருதியின் பன்னிரண்டாம் அத்தியாயம் எந்தப் பாவத்துக்கு எந்தப் பிறவி என்று வகுக்குமிடத்தில், பிரம்மரக்ஷஸாவதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது: பதிதரோடு சேர்தல், பிறன்மனை நயத்தல், அந்தணன் பொருளைக் கவர்தல். யாஜ்ஞவல்க்ய ஸ்மிருதி பின்னிரண்டை மட்டும் கூறி, அவன் நீரற்ற காட்டில் பிரம்மரக்ஷஸாய்த் திரிவான் என்று இடத்தையும் சேர்க்கிறது. நாட்டார் கதைகளில் அது பாழிடத்தில் தாகத்தோடும் பசியோடும் அலைவதாக வருவதற்கு இந்த வாக்கியத்தோடுள்ள ஒற்றுமை நோக்கத்தக்கது.

இக்காரணங்களைக் கூர்ந்து நோக்கினால், மூன்றும் புறத்தே நிகழும் குற்றங்கள் என்பது புலப்படும். பிறன் மனைவி, பிறன் பொருள், பிறரோடு கொள்ளும் சேர்க்கை என்று இவை பிறரைப் பற்றியவை. கற்றவன் தன் கல்வியிலும் தான் செய்யும் கர்மத்திலும் இழைக்கும் பிழை இவ்வரிசையில் இல்லை. வேள்விக்கென்று இரந்து பெற்ற பொருளை முழுவதும் செலவிடாதவன் நூறாண்டு காக்கை முதலிய பறவைப் பிறப்பெய்துவான் என்று மனுவே வேறோரிடத்தில் கூறினும், அவனைப் பிரம்மரக்ஷஸாக்கவில்லை. அந்த அடியைப் பிற்காலக் கதைகளே எடுத்துவைத்தன.

கல்வியே சுமையான கதை

பஞ்சதந்திரத்தில் ஓர் ஏழை அந்தணனின் கன்றுகளைத் திருட வரும் கள்வனும், அவனையே தின்ன வரும் பிரம்மரக்ஷஸும் வழியில் சந்திக்கின்றனர். யார் முதலில் செயல்படுவது என்று இருவரும் சண்டையிட, அந்தணன் விழித்துப் பிழைக்கிறான். அந்த ரக்ஷஸுக்குக் கதை இட்ட பெயர் ஸத்யவசனன், அதாவது மெய் பேசுபவன். தின்ன வந்ததற்கு இப்பெயரா என்று நகைக்கத் தோன்றும். ஆயினும் இந்த இனம் பொய் பேசுவதில்லை என்ற நம்பிக்கை பின்வரும் கதைகளிலும் தொடர்கிறது.

தஞ்சை சஹஜி மன்னர் காலத்தவரான இராமபத்ர தீக்ஷிதர் இயற்றிய பதஞ்ஜலி சரிதம் என்னும் காவியம் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறது. ஆதிசேஷனின் அவதாரமான பதஞ்ஜலி திரைக்குப் பின்னிருந்து மஹாபாஷ்யம் போதிக்கிறார். திரையை நீக்கிப் பார்த்த மாணவர் அனைவரும் சாம்பலாகின்றனர். அனுமதியின்றி வெளியே சென்றிருந்த ஒருவன் மட்டும் எஞ்சுகிறான். எழுந்து சென்ற குற்றத்துக்காக அவன் பிரம்மரக்ஷஸாகுமாறு சபிக்கப்படுகிறான். தகுந்த ஒருவனுக்குப் பாஷ்யத்தைக் கற்பித்தாலன்றி அவனுக்கு விமோசனம் இல்லை. மரத்தின்மேல் அமர்ந்து, வருகிற அந்தணர்களிடம் 'பச்' என்ற தாதுவின் நிஷ்டா வடிவம் யாதென்று கேட்கிறான். பொது விதியைப் பின்பற்றி 'பக்தம்' என்பவரை உண்கிறான். விசேஷ விதியை அறிந்து 'பக்வம்' என்று விடை கூறியவன் சந்திரகுப்தன் ஒருவனே. பாஷ்யம் அவனிடம் சேர்கிறது.

சமைத்தலைக் குறிக்கும் தாதுவைக் கேட்டுப் பிழையாகச் சொல்பவனை உண்ணும் நகைச்சுவை ஒருபுறம் இருக்க, கதையின் கருத்து கவனிக்கத்தக்கது. கற்றதைப் பிறர்க்கு அளிக்காதவரை அக்கல்வியே சாபமாய் நிற்கிறது. ஸ்மிருதிகளில் பிறர் பொருளைக் கவர்ந்தவன் ரக்ஷஸானான். இங்கே தன்னிடம் உள்ளதைக் கொடுக்க இயலாதவன் ரக்ஷஸாய் இருக்கிறான்.

குறுங்குடிக் காட்டில்

வராஹ புராணத்தில் ஸ்ரீவராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்ததாக அமைந்தது கைசிக மாஹாத்ம்யம். கூரத்தாழ்வானின் திருக்குமாரரான ஸ்ரீபராசர பட்டர் இதற்கு வியாக்கியானம் அருளினார். மரபு இக்கதையின் இடத்தை மஹேந்திரகிரியின் அடிவாரமான திருக்குறுங்குடியாகக் கொள்கிறது.

பிறப்பால் சண்டாளனாகிய ஒரு பாணன், இரவுதோறும் வீணையேந்தி மலையடிவாரத்துக்குச் சென்று, எம்பெருமானைப் பாடித் திருப்பள்ளி உணர்த்தி வருகிறான். புராணம் அவனுக்குப் பெயர் சொல்லவில்லை. நம்பாடுவான் என்பது குறுங்குடி நம்பி தம்முடையவன் என்று அபிமானித்து வழங்கிய பெயராக மரபில் நிற்கிறது. ஒரு கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசி இரவில் பசித்த பிரம்மரக்ஷஸ் ஒன்று அவனைப் பிடிக்கிறது. அவன் உயிருக்கு மன்றாடவில்லை. விரதத்தை முடித்துத் திரும்பி வருவதாகவும், பின்பு தன்னை உண்ணலாம் என்றும் கேட்கிறான். ரக்ஷஸ் சிரிக்கிறது; தப்பிப்போக வாய்ப்புக் கிடைத்த எவன் மீண்டு வருவான், அதிலும் சண்டாளனின் சொல்லை எப்படி நம்புவது என்கிறது.

இழிந்த உருவெடுத்துக் காட்டில் அலையும்போதும் அதனிடம் மிஞ்சியிருப்பது ஜாதி மதிப்பு. வேதம் மறந்தது, வேள்வி கெட்டது, உருவும் மாறியது. பிறப்பை வைத்து வாய்மையை எடைபோடும் வழக்கம் மாறவில்லை. புராணம் இதனை விமர்சனமாகச் சொல்லாமல், ரக்ஷஸின் வாயிலேயே வைத்துவிடுகிறது.

பதினெட்டு சபதங்கள்

நம்பாடுவான் ஒன்றன்பின் ஒன்றாகச் சபதம் செய்கிறான். அவை பதினெட்டு என்று எண்ணுவர். நான் திரும்பி வாராவிடில் இன்ன பாவத்தைச் செய்தவன் அடையும் கதியை அடைவேன் என்பது ஒவ்வொன்றின் வடிவம். நிலத்தைத் தானம் செய்துவிட்டுத் திரும்பப் பறிப்பவன், ஒரே பந்தியில் உண்போரிடையே வேற்றுமை செய்பவன், ஒருவன் வீட்டில் உண்டுவிட்டு அவனையே இகழ்பவன், பெண்ணைத் தருவதாக வாக்களித்துத் தாராதவன், மனைவியர் இருவருள் ஒருத்தியைப் புறக்கணிப்பவன், தாகத்தோடு நீருண்ண வரும் பசுக்களைத் தடுப்பவன் முதலியோர் இவ்வரிசையில் வருகின்றனர்.

இப்பட்டியல் ஒரு பண்பாட்டின் மனச்சான்று எனத் தகும். கொலை, கள் போன்ற பெரும்பாதகங்களோடு பந்தி வேற்றுமையும் நீர் தடுத்தலும் சேர்ந்து எண்ணப்படுகின்றன. ஊர் வாழ்க்கை எவ்வெவற்றால் கெடும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர் தொகுத்த வரிசை இது. மற்றொன்றும் உண்டு: சபதம் என்பது கேட்பவன் அந்தப் பாவத்துக்கு அஞ்சினால்தான் பயன்படும். இந்த வரிசையை ரக்ஷஸின்முன் சொல்கிறான் என்றால், ரக்ஷஸுக்குத் தர்மம் தெரியும் என்று கதை கொள்கிறது. அறியாமையால் கெட்டது அன்று அது, அறிந்தும் கெட்டது.

எனினும் சமூகத்தைப் பற்றிய சபதங்கள் எவற்றுக்கும் ரக்ஷஸ் இசையவில்லை. இறுதியில், வாஸுதேவனை விட்டுப் பிற தெய்வங்களைத் தொழுபவனின் கதியை அடைவேன் என்றும், நாராயணனைப் பிற தெய்வங்களோடு ஒப்பாக நினைப்பவனின் கதியை அடைவேன் என்றும் சொன்னவுடன் விட்டுவிடுகிறது. இதற்குக் காரணம் உய்த்துணரத்தக்கது. முதற்சபதங்கள் யாரும் சொல்லக்கூடியவை. அவற்றை மீறியவரை உலகம் எங்கும் காண்கிறது. இறுதியிலுள்ளவை அப்பாணனின் உயிர்நிலை. அவற்றைப் பணயம் வைப்பவன் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்பதை ரக்ஷஸ் உணர்ந்தது. சண்டாளனின் சொல் என்று இகழ்ந்த வாயே, அச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் நிஷ்டையை முதலில் கண்டுகொண்டது.

கொடுத்தவனும் கொண்டவனும்

பாடி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு புருஷன் எதிர்ப்பட்டு, உயிருக்கு ஆபத்து நேர்ந்தவிடத்துப் பொய் சொல்லலாம், வேறு வழியாகப் போ என்கிறான். நம்பியே அவ்வாறு சோதித்தார் என்பர். தர்மசாஸ்திரம் இடம்கொடுக்கும் விலக்குதான் அது. சொன்னவனும் தவறாகச் சொல்லவில்லை. பாணன் அதை ஏற்காமல் சத்தியத்தை நாடி ரக்ஷஸிடம் வருகிறான்.

வந்தவனைக் கண்ட ரக்ஷஸின் பசி வேறாகிறது. உடலைத் தின்ன வந்தது இப்போது பாட்டின் பயனை வேண்டுகிறது. முழுப் பயனையும், பிறகு அதில் ஒரு பகுதியை, இறுதியாக ஒரே ஒரு பாட்டின் பயனைக் கேட்கிறது. பாணன் மறுக்கிறான், சொன்னபடி என்னை உண்க, பாட்டை விற்க மாட்டேன் என்பது அவன் நிலை. ரக்ஷஸ் தன் வரலாற்றைச் சொல்லித் திருவடியில் விழுகிறது. முற்பிறவியில் அது சோமசர்மா என்னும் அந்தணன். மந்திரமும் முறையும் வழுவிய நிலையில் பொருளாசையால் வேள்வி நடத்தத் துணிந்து, அது முடியுமுன்னே இறந்ததால் இவ்வுருவம் அடைந்தான். இதைக் கேட்டு இரங்கிய நம்பாடுவான், அவ்விரவின் இறுதியில் கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பயனை அளிக்க, ரக்ஷஸ் உருவம் நீங்குகிறது. விரும்பிக் கேட்டபோது கிடையாத பயன், தன் குற்றத்தைச் சொன்னபோது கிடைத்தது.

இவ்விடத்தில் கொடுப்பவன் யார், கொள்பவன் யார் என்பது முறை மாறி நிற்கிறது. தானம் வாங்குதல் அந்தணனுக்கு விதித்த தொழில். இங்கும் அந்தணனே வாங்குகிறான். ஆனால் கொடுப்பவன் அரசனல்லன், வணிகனல்லன். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவன். கொடுக்கப்பட்டதோ பொன்னன்று, கூலி வாங்காமல் பாடிய பாட்டு. சோமசர்மா கெட்டது கர்மத்தைப் பொருளுக்காகச் செய்ததால். அவனை மீட்டது பொருளுக்காகச் செய்யப்படாத ஒன்று. நோயின் நிதானம் எதுவோ அதற்கு நேரெதிரானதையே மருந்தாகக் கதை தருகிறது.

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் பாகவதப் பெருமையை நிறுவுமிடத்து, ஒரு பாணனின் பாட்டு அந்தணன் வேள்வியின் குறையை முடித்துக்கொடுத்ததைச் சான்றாக எடுத்துக் காட்டுகிறார். வேள்விக்குறை என்று அவர் கொண்டது நுட்பமானது. நம்பாடுவான் ஒரு பேயை ஓட்டினான் என்று சொல்லாமல், நின்றுபோன ஒரு வைதிக கர்மத்தை நிறைவித்தான் என்பது அதன் பொருள். யாகசாலையில் ரித்விக்குகள் முடிக்காததைக் காட்டில் ஒரு பாணன் முடித்தான்.

ஓர் ஐயமும் விடையும்

பதிதரோடு சேர்வதால் பிரம்மரக்ஷஸாவான் என்று மனு கூற, இக்கதையில் சண்டாளனோடு சேர்ந்ததால் ரக்ஷஸ் உருவம் நீங்கியது என்பது முரணன்றோ என்று ஐயுறலாம். முரணில்லை. பதிதன் என்ற சொல் வீழ்ந்தவனைக் குறிக்கும். செய்கையால் தன் நிலையிலிருந்து வழுவியவனே பதிதன். பிறப்பால் தாழ்த்தி எண்ணப்பட்டவனுக்கு அது பெயரன்று. எனவே அன்றிரவு மஹேந்திரகிரியடியில் எதிர்ப்பட்ட இருவருள் பதிதன் யாரென்று கேட்டால், சாஸ்திரத்தின்படியே விடை சோமசர்மா என்றாகும். உலக வழக்கு இவ்விரு சொற்களையும் ஒன்றாகக் குழப்பிப் பிறப்பையே வீழ்ச்சியாக எண்ணியது. அந்தக் குழப்பத்தைத்தான் ரக்ஷஸின் முதல் ஏளனத்தில் வைத்து, அதன் கடைசி வணக்கத்தில் புராணம் தீர்க்கிறது.

காஞ்சியில் மற்றொரு சாட்சி

குருபரம்பரை நூல்கள் கூறும் மற்றொரு நிகழ்ச்சியும் இதனோடு ஒத்து நோக்கத்தக்கது. காஞ்சியில் அரசன் மகளைப் பிரம்மரக்ஷஸ் பற்றியபோது, மந்திரவல்லவரான யாதவப்பிரகாசர் அழைக்கப்படுகிறார். போ என்று அவர் கட்டளையிட, ரக்ஷஸ் அசையவில்லை. நீர் முற்பிறவியில் மதுராந்தகத்து ஏரிக்கரையில் உடும்பாய் இருந்து, திருமலை செல்லும் ஸ்ரீவைஷ்ணவர்கள் உண்ட சேஷத்தைத் தின்றதால் இப்பிறவியும் ஞானமும் பெற்றீர் என்று அவர் பிறப்பைச் சொல்கிறது. தானோ வேள்வியில் மந்திரமும் கிரியையும் வழுவியதால் இவ்வாறானேன் என்கிறது. அவருடைய மாணவராய் உடனிருந்த இளையாழ்வாரின் திருவடியை வணங்கி, பெண்ணை விட்டு நீங்குகிறது. அவரே பின்னாளில் எம்பெருமானார்.

இரு கதைகளிலும் காரணம் ஒன்றே: வேள்வியில் நேர்ந்த வழு. இரண்டிலும் ரக்ஷஸ் பொய் பேசவில்லை. இரண்டிலும் மந்திர வலிமையால் அது அகலவில்லை. பாகவதனின் சம்பந்தத்தால் அகன்றது. ஆசிரியருக்குப் புலப்படாத மாணவரின் பெருமை ரக்ஷஸுக்குப் புலப்பட்டது. தான் இழந்தது எது என்பதை அறிந்திருந்ததால், அது இருக்குமிடத்தை அதனால் அடையாளம் காண முடிந்தது.

பேய் பிடித்ததாகக் கருதப்படுபவளுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குத் திருவாய்மொழியின் நான்காம் பத்து ஆறாம் திருவாய்மொழி தரும் விடையும் இதுவே. தலைவியின் நோயைத் தெய்வம் பற்றியதாக எண்ணி, தாயர் கள்ளும் இறைச்சியும் வைத்து வெறியாட்டெடுக்க முனைகின்றனர். தோழி அதை விலக்கி, எம்பெருமானின் அடியார் திருவடிப் பொடியே மருந்து என்கிறாள். ஊர் வழக்கிலிருந்த சடங்கை ஆழ்வார் அறியாதவரல்லர். அதன் வடிவை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் மருந்தை மாற்றினார். கைசிகக் கதையும் நாட்டார் நம்பிக்கையிலிருந்த ரக்ஷஸை அவ்வாறே எடுத்துக்கொண்டது. அதனை இல்லையென்று மறுக்கவில்லை; மந்திரவாதியிடம் ஒப்படைக்கவுமில்லை.

வாசிக்கும் மரபு

திருவரங்கத்தில் கைசிக ஏகாதசி இரவில் நம்பெருமாள் திருமுன்பே இம்மாஹாத்ம்யத்தை வாசிப்பவர்கள் பட்டர் திருவம்சத்தார். பட்டர் ஒருமுறை வாசித்தருளக் கேட்டு உகந்த நம்பெருமாள், அவருக்கு மேல்வீடு தந்தோம் என்று அருளியதாக மரபு கூறும். திருக்குறுங்குடியில் இதே கதை நாடகமாக நடிக்கப்பட்டு வந்தது. கோயில் கைங்கரியத்திலிருந்த பெண்டிர் அதில் நடித்தனர். இடையில் நலிவுற்றிருந்த அந்நாடகம், பேராசிரியர் சே. இராமானுஜம், நடனக் கலைஞர் அனிதா ரத்னம் முதலியோர் முயற்சியால் 1999-இல் புத்துயிர் பெற்றது. கொடிமரம் விலகி நின்று நம்பாடுவானுக்குச் சேவை கொடுத்ததாகச் சொல்லப்படும் ஸந்நிதியும் அங்கேயே உள்ளது.

இவ்வாசிப்பில் ஒரு நுட்பம் உண்டு. வாசிப்பவர் வேதமும் வேதாந்தமும் கற்ற குடியினர். சுற்றியிருந்து கேட்கும் வைதிகரும் வேள்விக்கும் திருவாராதனத்துக்கும் உரியவர். கதையிலோ அவர்களைப் போன்ற ஒருவனே ரக்ஷஸாய் மரத்தடியில் நிற்கிறான். ஒரு சமூகம் தன் அச்சங்களைப் பெரும்பாலும் பிறர்மேல் ஏற்றிச் சொல்லும். எல்லைக்கு அப்பால் உள்ளவனையே பேயாகக் காணும். இங்கே எல்லைக்கு அப்பால் உள்ளவன் பாடுகிறான். எல்லைக்குள் இருந்தவன் ரக்ஷஸாய் நிற்கிறான். இதனை மறைக்காமல், ஆண்டுக்கொருமுறை எம்பெருமான் திருமுன்பே உரக்க வாசிக்க வேண்டும் என்று விதித்தவர்கள் அதே கற்ற குடியினரே.

இந்நாளில் ஹோமங்களும் யாகங்களும் குறைவின்றி நடைபெறுகின்றன. ஒரு பகலில் முடிய வேண்டியதை ஒரு முஹூர்த்தத்துக்குள் சுருக்குவதும், மந்திரத்தைவிட சம்பாவனையை முன்னிட்டுப் பேசுவதும், கேட்பவருக்குப் பொருள் தெரியாதென்ற துணிவில் ஸ்வரத்தையும் அக்ஷரத்தையும் விடுவதும் காணாதவை அல்ல. கோயில் வாசலில் திவ்யப்பிரபந்தம் பாடுபவர் எந்தக் குலம் என்று முதலில் வினவும் வழக்கமும் ஒழியவில்லை. சோமசர்மாவின் குற்றமும் ரக்ஷஸின் ஏளனமும் இவ்விரண்டே. கைசிக இரவில் கண்விழித்துக் கேட்பவர்கள் பதினெட்டு சபதங்களில் தமக்குரியது எது என்று எண்ணுவது வழக்கம். அவற்றோடு சோமசர்மாவின் வாக்குமூலத்தையும் சேர்த்துக் கேட்கும்படியே பெரியோர் அப்பகுதியை விடாமல் வைத்துச் சென்றுள்ளனர்.